தெருவுக்கு ஒரு கோட்டு

எங்கள் தெருவில் யாராவது பிரான்சுக்குப் புறப்படுகிறார்கள் என்றால் எதிர்வீட்டு மாடிக் கொடியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கருப்புக் கம்பளிக் கோட்டு ஒன்று அங்கே வெயில் காயும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு, பென்ஷன் வாங்கிக்கொண்டு எங்கள் காரைக்காலில், அந்த எதிர்வீட்டில் இருந்த சொல்தா மாமாவின் கோட்டு அது. சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய். பிள்ளை வீட்டுக்கோ பேறுகாலத்துக்கோ யார் போனாலும் அதைத்தான் இரவல் வாங்கிப் போவார்கள். அந்துருண்டை வாசத்தோடு எத்தனையோ முறை விமானம் ஏறிய கோட்டு. சொல்தா மாமா வைத்திருந்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: "போட்டுட்டுப் போறவங்க கையாலதான் திரும்பி வரணும். அவங்ககிட்ட குடுத்து விட்டேன், இவங்ககிட்ட குடுத்து விட்டேன்னு சொல்லக் கூடாது."

ஒரு பங்குனியில் அந்தக் கோட்டு என் அத்தைக்காகக் காய்ந்தது. அப்பாவின் அக்கா; பக்கத்து வீடு. நான் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும் மதியச் சாப்பாடு எனக்கு அவர் வீட்டில்தான். கணவர் வழியில் அத்தைக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. கணவர் காலமான பிறகு, மார்செய் நகரத்தில் இருந்த மகன், "வசந்த காலத்துல வாங்கம்மா, ரெண்டு மாசம் இருந்துட்டுப் போகலாம்" என்று டிக்கெட் அனுப்பினான். எங்களைப் போல விசா முடிந்ததும் மூட்டை கட்ட வேண்டிய கட்டாயம் அத்தைக்கு இல்லை. போனால் அங்கேயே தங்கிவிடுவாரோ என்று எனக்குப் பயம். அதை வாய்விட்டுச் சொல்லாமல் பெட்டி கட்ட உதவினேன்.

வசந்த காலம் எங்கள் ஊரில் பஞ்சாங்கத்தோடு சரி. மாசிப் பனி விலகினால் நேரே வெயில்தான். அதனால் என்ன எடுத்துப்போவது என்பதில் தெருவே இரண்டுபட்டது. "சித்திரையில எவளாவது கோட்டு போடுவாளா? நாட்டுக்கு ஒரு சூரியனா இருக்கு?" என்றார் அத்தை. உறவுக்காரர்கள் பாரிசிலிருந்து அனுப்பிய பனிப் படங்களை மட்டுமே பார்த்திருந்த எங்களுக்கு, பிரான்சு என்றாலே வருஷம் முழுக்கப் பனிதான். சொல்தா மாமா மட்டும், "அங்க வெயிலும் உண்டு. ஆனா காத்து வேற காத்து. எடுத்துட்டுப் போங்க" என்றார். கோட்டு பாதிப் பெட்டியை அடைத்தது. மீதியில் காரைக்கால்மேட்டில் வாங்கிய நெத்திலிக் கருவாடு, வாசம் வெளியே வராமல் பைக்குள் பையாகச் சுற்றி, வெங்காய வடகம், குழம்புத்தூள், தெருவார் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்த பொட்டலங்கள். பிரான்சுக்குப் போகிற பெட்டி போகிறவருக்குச் சொந்தமில்லை, எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. அத்தையின் சொந்தத் துணி ஒரு மூலைக்குள் அடங்கிவிட்டது. இவ்வளவு கொஞ்சமாக எடுத்துப்போகிறவர் கட்டாயம் திரும்பி வந்துவிடுவார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

போய் இறங்கிய அன்று அங்கே நல்ல வெயிலாம். கோட்டும் வேர்வையுமாக நின்ற அம்மாவைப் பார்த்து மகன் விழுந்து விழுந்து சிரித்தானாம். மறுநாளே வடக்கிலிருந்து காற்று கிளம்ப, அத்தைக்குக் கோட்டைக் கழற்றவே மனமில்லையாம். போனில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இரண்டு மாதம் நான்கு மாதமாயிற்று. முட்டி வலிக்கு அங்கே நல்ல வைத்தியம் நடக்கிறது என்றார். பேத்தி விடமாட்டேன் என்கிறாள் என்றார். ஆடியில், அங்கிருந்து விடுமுறைக்கு வந்த பக்கத்து ஊர் நெரவிக்காரர் ஒருவர் கையில் கோட்டு மட்டும் வந்து சேர்ந்தது.

நான்தான் அதை எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனேன். நிபந்தனை தவறியதற்குச் சொல்தா மாமா சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோட்டின் உள்பக்கத் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "கிழிஞ்ச எடத்தத் தச்சி அனுப்பியிருக்காங்க. ஒங்க அத்த சொந்தமா ஒண்ணு வாங்கியிருப்பாங்கம்மா" என்றார், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து அழுதேன். அத்தை மேல் கோபமில்லை. நான் இல்லாத இடத்தில் அவர் நன்றாக இருந்தார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசிக்கொள்கிறோம். முடிக்கும்போது, "எப்ப வருவீங்க அத்த?" என்று கேட்பேன். "வர்ற தைக்கு வந்துடுவேன்" என்பார். இருவருக்கும் பழகிப்போன பேச்சு. இந்தச் சித்திரையில் நான் போகிறேன், விசா கிடைத்துவிட்டது. பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, கருவாடு எடுத்து வரட்டுமா, வடகம் வேண்டுமா என்று போன வாரம் கேட்டேன்.

"அதெல்லாம் வேணாம்டி, இங்கயே எல்லாம் கெடைக்கிது. நீ கனமா ஒரு ஸ்வெட்டர் மட்டும் எடுத்துக்க. நம்ம ஊரு சித்திரைக் காத்து ஒனக்குப் பழக்கமில்ல."

நம்ம ஊரு என்று அவர் சொன்னது மார்செய்யை. சொன்னதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. "சரி அத்த, எடுத்துக்குறேன்" என்றேன். எப்போது வருவீர்கள் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.