இறங்காத கை

நூற்று நாற்பத்திரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். ஒருவர்கூட வண்டியிலிருந்து விழுந்ததில்லை. யாரும் கேட்காமலே இந்தக் கணக்கைச் சொல்லிவிடுவார் அவர். வயது நாற்பத்தொன்பது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. வாரத்தில் ஆறு நாள் "அசையாதீங்க, மூச்சைப் பிடிச்சுக்கோங்க" என்று சொல்லிப் பிழைக்கிறவர், ஏழாவது நாள் ஒன்பது பேரை மோட்டார் சைக்கிளில் வரிசையாக அழைத்துக்கொண்டு ஊரைத் தாண்டிப் போய்வருவார். மூன்று வருடமாக இது நடக்கிறது. கூட்டத்தில் அவர் பெயர் கேப்டன்.

கிளம்புமுன் பெட்ரோல் பங்க் ஓரமாக எல்லோரையும் நிறுத்திப் பத்து நிமிடம் பேசுவார். அதற்கு அவர்கள் வைத்த பெயர் பிரசங்கம். ஒருவர் பின்னால் ஒருவராக நூல் பிடித்தாற்போல் வராதே, ஒருவர் இடப்பக்கம், அடுத்தவர் வலப்பக்கம் என்று மாறி மாறி வா. முன்வண்டிக்கும் உனக்கும் இரண்டு விநாடி இடைவெளி விடு. திருப்பம் வந்தால் பின்னால் வருகிறவன் கண்ணாடியில் தெரியும்வரை நில். இதெல்லாம் முடிந்தபின் விரலை ஆட்டிக்கொண்டு ஒன்று சொல்வார்:

"முன்னாடி போறவன் கை காட்டினான்னு லாரியைத் தாண்டாதே. அவன் கண்ணு அவனுக்கு, உன் கண்ணு உனக்கு. உனக்கு ரோடு தெரிஞ்சாத்தான் தாண்டணும்."

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம் கேப்டன், கிளம்பலாமா?" என்பார் வெல்டர். வரிசையில் எப்போதும் இரண்டாவது வண்டி அவருடையது.

இன்னொரு விதியும் இருந்தது. யாரால் விபத்து நேர்கிறதோ அவர் ஆறு மாதம் கூட்டத்தோடு வரக்கூடாது. அதைப் பயன்படுத்த வேண்டிய அவசியமே வராததால் எழுதி வைத்ததோடு சரி.

நூற்று நாற்பத்து மூன்றாவது ஞாயிறு, பாதி வழியில் டீக்கடையில் நின்றபோது வெல்டர் வாயைத் திறந்தார்.

"கேப்டன், இதே வேகத்துல போனா நத்தைகூட ஹாரன் அடிச்சு வழி கேக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். கேப்டனின் மைத்துனனும் சிரித்தான். அதுதான் சுருக்கென்றது. மைத்துனன் என்றால் மனைவியின் தம்பி. வீடுகளுக்கு டைல்ஸ் போடுகிறவன். நாள் முழுக்க முழங்காலில் நின்று கல் பதிக்கிற பிழைப்பு. வண்டி ஓட்டவே அவரிடம்தான் கற்றுக்கொண்டான். கூட்டத்தில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவனுக்கும் அவர் கேலிப்பொருளாகிவிட்டார்.

டீக்கடை தாண்டி நாலாவது கிலோமீட்டரில் ஒரு தண்ணீர் லாரி ஒழுகிக்கொண்டே ஊர்ந்தது. எதிரே சாலை வெறிச்சென்று கிடந்தது. அவர் லாரியைத் தாண்டினார். தாண்டிய கையோடு இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி, வாங்க வாங்க என்று சுழற்றினார். மூன்று வருடத்தில் ஒருநாளும் செய்யாத காரியம். சிரித்தவர்கள் பார்க்கட்டும் என்ற வீறாப்பு, வேறொன்றுமில்லை.

வெல்டர் வந்தார். மூன்றாவது வண்டி ரொட்டிக்கடைக்காரருடையது; அவரும் வந்தார். அப்போது முன்னால் கிளைச்சாலையிலிருந்து ஒரு வேன் திரும்பி எதிரே வந்தது. கேப்டன் அதைப் பார்த்தார். கையை இறக்கியிருக்க வேண்டும். இறக்கினால் பின்னால் வருகிறவர்களுக்குத் தடுமாற்றம் தெரியும், கேப்டனுக்குக் கணக்குத் தப்பிவிட்டது என்று தெரியும். ஒரு மூச்சு விடும் நேரம் கை மேலேயே நின்றது. அந்த நேரத்தில்தான் மைத்துனன் லாரியின் மறைவிலிருந்து வெளியே வந்தான்.

வேனில் மோதவில்லை. ஒடித்துத் திருப்பினான்; சாலையோரச் சரளையில் சறுக்கி ஒரு மைல்கல்லில் முழங்காலைக் கொடுத்து விழுந்தான். தலையை ஹெல்மெட் காப்பாற்றியது.

ஆம்புலன்ஸ் போய் நின்றது அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில்தான். ஞாயிற்றுக்கிழமை ஆள் குறைவு. வண்டி ஓட்டும் உடுப்பின்மேல் கதிர் தடுக்கும் ஈய அங்கியை மாட்டிக்கொண்டு அவரே படம் எடுத்தார். பலகையில் காலை நேராக வைத்தபோது மைத்துனன் பல்லைக் கடித்தான்.

"அத்தான், என் தப்புதான். அவசரப்பட்டுட்டேன்."

இல்லையடா என்று சொல்ல அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. "அசையாதே," என்றார் அவர். தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினார். திரையில் முழங்கால் சில்லு மூன்று துண்டாகத் தெரிந்தது. இருபத்து நாலு வருடமாக அடுத்தவர் எலும்புகளைக் கண் கொட்டாமல் பார்த்தவர், அன்று படத்தின் ஓரத்தில் எண்ணைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

ஆபரேஷன் நடந்தது, கம்பி வைத்துக் கட்டினார்கள். அக்காக்காரி கட்டிலருகே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தபடியே தம்பியை உரித்தெடுத்தாள்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னாரேடா உங்க அத்தான். காதுல வாங்கினியா? எருமைமாட்டு மேல மழை பேஞ்ச மாதிரி!"

"விடு, அவனே வலியில கிடக்கான்," என்றார் அவர்.

"பாத்தியா? இவ்வளவு ஆன பிறகும் உனக்குத்தான் பரிஞ்சு பேசறாரு."

தரை பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது அவருக்கு. போனில் கூட்டத்தார் வேறு. கேப்டன் பேச்சைக் கேட்டிருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று ஆளுக்கு ஒரு வரி எழுதினார்கள். விதிப்படி மைத்துனனை ஆறு மாதம் விலக்கி வைப்பது, அடுத்து கூடும்போது கேப்டனே அதை அறிவிப்பது என்றும் பேசி முடித்துவிட்டார்கள்.

பத்தாம் நாள் எக்ஸ்ரே அறை வாசலில் வெல்டர் வந்து நின்றார். எலும்பு ஒன்றும் முறியவில்லை, மனசுதான் குறுகுறுத்திருக்கிறது.

"நான் கண்ணாடியில எல்லாத்தையும் பார்த்தேன் கேப்டன். உங்க கையையும்தான்."

அவர் வராந்தாவை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"பயப்படாதீங்க. என் வாய்தானே உங்களைக் கிளப்பிவிட்டுச்சு. ரெண்டு பேரும் மூடிக்குவோம். ஆறு மாசம்தானே? எப்படியும் அவனால வண்டியைத் தொட முடியாது. யாருக்கு நஷ்டம்?"

அவர் தலையாட்டினார். வெல்டர் நிம்மதியாகப் போய்விட்டார். தலையாட்டிவிட்டோமே என்ற நினைப்பு, அடுத்து வந்த நோயாளியின் வலது கைக்குப் பதில் இடது கையைப் படம் எடுக்க வைத்தது. மன்னிப்புக் கேட்டு மறுபடி எடுத்தார். வேலை முடிந்ததும் வார்டுக்குப் போனார்.

மைத்துனன் தலையணையில் சாய்ந்திருந்தான். "அத்தான், ஆறு மாசம் தள்ளி வைக்கிறாங்களாமே. நியாயந்தான். பேரை மட்டும் அடிச்சுட வேணாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"என் கை மேல இருந்துச்சுடா."

"தெரியும் அத்தான். அதைப் பார்த்துத்தானே வந்தேன்."

"அப்புறம் ஏன் உன் தப்புன்னு சொன்னே?"

"கையை நம்பாதேன்னு வாராவாரம் நீங்கதானே சொல்றீங்க? நான் நம்பினேன். அப்ப என் தப்புதானே?"

குரலில் குத்தல் துளியும் இல்லை. குத்தியிருந்தால் தாங்கியிருப்பார். பத்து நாளாகத் தன் விதியின் பின்னாலேயே ஒளிந்து நின்றிருக்கிறோம் என்பது அவருக்கு அப்போது உறைத்தது.

"வேன் வந்ததை நான் பார்த்தேன்," என்றார். "பார்த்த பிறகும் கையை இறக்கலை. கௌரவம்."

இது அவனுக்குத் தெரியாது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். சுவரைப் பார்த்தபடியே, "அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றான்.

"இல்லை."

"முதல்ல அவகிட்ட சொல்லுங்க. என்னைத் திட்டியே தீர்த்துட்டா."

வராந்தாவில் மனைவியிடம் சொன்னார். கையில் பிளாஸ்குடன் அவள் அப்படியே நின்றாள். "அவன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே பத்து நாள் சும்மா உக்காந்திருந்தீங்களா? நான் வாய்க்கு வந்தபடி பேசினதையெல்லாம் கேட்டுக்கிட்டா?" அவள் உள்ளே போய்த் தம்பியின் காலருகே உட்கார்ந்தாள். அதன்பின் வீட்டில், சாப்பாடு எடுத்து வைத்திருக்கு, கதவைச் சாத்துங்க, அவ்வளவுதான் பேச்சு.

ஒரு ஞாயிறு விட்டு மறு ஞாயிறு காலை பெட்ரோல் பங்க் ஓரத்தில் எட்டுப் பேரிடமும் மூன்றே வாக்கியத்தில் சொன்னார். வெல்டர் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். ரொட்டிக்கடைக்காரர்தான் கேட்டார்: "அந்த ஆறு மாசம் உங்களுக்கும் பொருந்தும்தானே?"

"எனக்குத்தான் பொருந்தும்."

சார் என்றார்கள், அண்ணன் என்றார்கள். கேப்டன் என்று யாரும் அழைக்கவில்லை. முன்வண்டி ரொட்டிக்கடைக்காரருக்குப் போனது.

அடுத்த மாதம் பதினாலாம் தேதி கட்டுப் பிரிக்கிறார்கள். மைத்துனனால் மறுபடி முழங்காலில் நின்று வேலை செய்ய முடியுமா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.