ரங்கநாதன் வாங்கி வந்த வோட்கா

மதுவிலக்கு இருந்த அறுபதுகளில் நான் திண்டிவனத்தில் அரசாங்க குமாஸ்தா. வோட்காவில் ஜிஞ்சர் பீர் என்ற இஞ்சிச் சோடாவும் எலுமிச்சைச் சாறும் கலந்து குடித்தால் வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று ஏதோ ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் படித்ததிலிருந்து அந்த ஆசை என்னை விடவில்லை. எதிர்வீட்டு ரங்கநாதன், மதுவிலக்கு இல்லாத புதுச்சேரிக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர். வேண்டாம் என்றவரைக் கெஞ்சிக் கெஞ்சி ஒரு பாட்டில் வாங்கிவர வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தபோது அவர் என் வாசற்படி ஏறினார். பின்னாலேயே வந்த போலீஸ்காரர் அவருடைய பையைப் பிடுங்கிப் பாட்டிலை வெளியே எடுத்தார்.

“யாருக்குய்யா இது? சாருக்கா?”

ரங்கநாதன் வாய் திறப்பதற்குள், “ஐயோ, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்றேன்.

ரங்கநாதன் என் ஈரக் கைகளைப் பார்த்தார். “சாருக்கு இந்தப் பழக்கமே கெடையாதுங்க. எனக்குத்தான் வாங்கிக்கினு வந்தேன்” என்றார்.

அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது, வேலையும் போயிற்று. குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனது.

சில ஆண்டுகள் கழித்து விழுப்புரம் ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ரங்கநாதன் என்னைப் பார்த்துவிட்டு, “நல்லா கீறீங்களா சார்?” என்று கேட்டார். என்னுடன் யாரும் இல்லை, பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் தெரியாதவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

முதல் தடவை பயத்தில் சொல்லிவிட்டேன் என்று மனதைச் சமாதானப்படுத்த முடிகிறது. இரண்டாவது தடவைக்கு இன்றுவரை எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.