ஊழியர் எவருக்கும் பாதிப்பில்லை

இரத்மலானையில் ஐஸ்கிறீமும் உறைந்த மீனும் தயாரிக்கும் ஒரு கம்பனியில் நான் மக்கள் தொடர்பு அதிகாரியாக இருந்தேன். வீடு வெள்ளவத்தையில். பஸ்ஸில் போக அரை மணித்தியாலம்கூட ஆகாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் முழுக்கத் தமிழ்ப் பத்திரிகைகளோடு எனக்கு மனஸ்தாபம்தான். ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கையை அவர்களுக்கும் அப்படியே அனுப்பிவிடுவேன். பிறகு ஏன் போடவில்லை என்று போனில் சண்டை பிடிப்பேன். தமிழச்சிதான், ஆனால் தமிழில் எழுத அப்படியொரு பஞ்சி.

அதை மாற்றியவர் கொட்டாஞ்சேனைக்காரரான ஒரு நிருபர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். நான் முதன்முதலாகத் தமிழில் எழுதி அனுப்பிய அறிக்கை ‘மகிழ்ச்சியுடன் அறியத் தருகிறோம்’ என்று தொடங்கியது. அதை வாசித்துவிட்டுப் போன் எடுத்து, மகிழ்ச்சி உங்களுடையது அக்கா, செய்தி எங்கே என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் கேட்டது நியாயம். இரண்டாம் பந்தியில் கிடந்த செய்தியை முதல் வரிக்குக் கொண்டுவந்து திருப்பி அனுப்பினேன். அடுத்த நாளே பேப்பரில் வந்தது.

அதன்பிறகு எங்களுக்குள் யாரும் எழுதிவைக்காத ஓர் ஒப்பந்தம் உண்டாயிற்று. அவர் போன் எடுத்தால் நான் கூட்டத்தில் இருந்தாலும் எழும்பிப் போய்ப் பேசுவேன். தெரியாததைத் தெரியாது என்பேன். சொல்லக் கூடாததைச் சொல்ல ஏலாது என்பேன். அவரும் நாலு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் கம்பனியைப் பற்றி ஒரு வரியும் எழுதமாட்டார். சாதாரணமாக அக்கா என்பார். ஏதாவது உரசல் என்றால் மட்டும் மேடம். மேடம் என்று தொடங்கினால் நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வேன்.

ஒரு திங்கட்கிழமை, மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னர், குளிர் அறையில் அமோனியாக் குழாய் வெடித்தது. மூக்கையும் கண்ணையும் ஒன்றாக எரிக்கிற வாயு அது. கந்தோரில் இருந்த நாங்கள் நனைத்த கைலேஞ்சியை முகத்தில் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினோம். நாலு பெண்களைத் தூக்கி வான் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன். நாலு பேர் தலையிலும் பச்சைத் தொப்பி.

எங்கள் தொழிற்சாலையில் நிரந்தர ஊழியருக்கு வெள்ளைத் தொப்பி. முகவர் ஒருவர் நாட்கூலிக்கு அனுப்புகிறவர்களுக்குப் பச்சை. அவர்களை எல்லோரும் மேன்பவர் ஆக்கள் என்றுதான் சொல்வோம். ஒரே குளிரில், ஒரே மேசையில் மீன் வெட்டினாலும் அவர்களுடைய பெயர் எங்கள் பதிவேட்டில் இராது.

பணிப்பாளரின் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து கொள்வனவாளர்கள் அந்தக் கிழமை வரவிருந்தார்கள், அவருக்கு அந்தக் கவலை. ஆளணி முகாமையாளர் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, “ஏ அபே கட்டிய நெமெய், மிஸ்” என்றார் சிங்களத்தில். அவர்கள் எங்களுடைய ஆட்கள் இல்லை. பணிப்பாளர் என்னைப் பார்த்தார். பொய் எழுதச் சொல்லவில்லை, உள்ளதை மட்டும் எழுதுங்கள் என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். நல்ல மனிதர் அவர். ஒருநாளும் குரலை உயர்த்தியது கிடையாது.

நான் எழுதினேன். மூன்று மொழியிலும் எழுதினேன். தமிழில் ‘நிறுவன ஊழியர் எவருக்கும் பாதிப்பில்லை’ என்று போட்டேன். அந்த ‘ஊழியர்’ என்ற சொல்லைக் கண்டுபிடித்ததில் எனக்கு உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது. வழக்கு வைத்தாலும் பிடிபடாத சொல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்த கெட்டிக்காரி நான். இரண்டு மணிக்கெல்லாம் பக்ஸ் மெஷினில் எல்லாப் பத்திரிகைகளுக்கும் அனுப்பியாயிற்று.

மூன்று இருபத்தைந்துக்கு அவர் போன் எடுத்தார். அந்த நேரம் பணிப்பாளர் என் அறைக் கதவடியில் நின்றார்.

“அக்கா, அறிக்கை கிடைச்சிச்சு. இது பேப்பருக்கு இல்ல, நானாக் கேக்கிறன். எங்கட லேன்ல இருக்கிற ஒரு அம்மா இங்க வந்து நிக்கிறாங்க. மகள் உங்கட பெக்டரியிலதான் வேலை. றேடியோவில கேட்டுட்டு ஓடி வந்திருக்காங்க. ஒருத்தருக்கும் ஒண்டுமில்லயா?”

அவருக்குப் பின்னால் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. “பச்சைத் தொப்பி போடுறவ எண்டு சொல்லுங்க தம்பி” என்றது.

தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல ஏலாது என்றாவது சொல்லியிருக்கலாம். எங்கள் ஒப்பந்தத்தில் இரண்டுக்கும் இடமிருந்தது. நான் கதவடியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“எங்கட ஊழியர் ஒருத்தருக்கும் ஒண்டுமில்லைத் தம்பி.”

“நீங்க சொன்னாச் சரி அக்கா.”

அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. வேறு யார் சொல்லியிருந்தாலும் குடைந்து குடைந்து கேட்டிருப்பார். ரிசீவரை வைப்பதற்குள் அவர் அந்த அம்மாவிடம், ஒன்றுமில்லையாம், பயப்படாமல் வீட்டுக்குப் போங்கள் என்று சொல்வது கேட்டது. அந்த அம்மா மாதாவைக் கூப்பிட்டு நன்றி சொன்னதும் கேட்டது. பணிப்பாளர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து முற்றத்துக்குப் போனேன். சைக்கிள் கொட்டிலில் முகவரின் மேற்பார்வையாளர் தனியாகக் குந்தியிருந்தார். அந்த நாலு பேரின் விலாசத்தைக் கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசித் துண்டை எடுத்துத் தந்தார். மூன்றாவது பெயருக்கு நேரே கொட்டாஞ்சேனை என்றிருந்தது. வீட்டாருக்கு அறிவித்தாயிற்றா என்று கேட்டேன். அது ஏஜென்சியின் வேலை என்றார். ஏஜென்சியில் யாரும் போன் எடுக்கவில்லை என்றும் அவரே சொன்னார். பிறகு, நான் கேட்காமலே, அந்தக் கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்குத்தான் கடுமை, ஒட்சிசன் வைத்திருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைத் தேடுகிறார்கள் என்றார்.

அறைக்கு ஓடி வந்தபோது மணி மூன்று நாற்பத்திரண்டு. பத்திரிகைக் காரியாலயத்தின் இலக்கத்தைச் சுழற்றினேன். லைனில் ஆள். திரும்பச் சுழற்றினேன், திரும்பவும் ஆள். பக்கம் போகிற நேரத்தில் அங்கே எல்லாப் போனும் அப்படித்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரிந்ததுதான். என்னை நானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு சுழற்றினேன். வேலை போகும் என்பது மனதில் ஓடாமல் இல்லை. வெள்ளவத்தையில் வாடகை வீடு, படிக்கிற இரண்டு பிள்ளைகள். விரல் மட்டும் நிற்கவில்லை. கால் மணித்தியாலத்துக்கு முன்னால் இந்த வீரம் எங்கே போயிருந்ததோ.

மூன்று ஐம்பதுக்கு அவர் கிடைத்தார்.

“தம்பி, நான் ஊழியர் எண்டு சொன்னது கம்பனி ஆக்களை மட்டும். மேன்பவர் ஆக்கள் நாலு பேர் ஆஸ்பத்திரியில இருக்கினம். அந்த அம்மாட மகளும் அதில ஒராள். ஒட்சிசன் குடுக்கினம். வீட்டாரைத் தேடுகினமாம்.”

பின்னால் தட்டச்சு ஓடுவது மட்டும் கேட்டது.

“நான் தெரிஞ்சே சொன்னனான்” என்றேன்.

“அந்த அம்மாவ பஸ் ஏத்தி விட்டுட்டு இப்பதான் உள்ள வந்தன், மேடம்.”

போன் வைபட்டது.

மிச்சத்தை நான் பிறகுதான் அறிந்தேன். பக்கத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, செய்தியைத் திருத்திக் கொடுத்துவிட்டு, யாருடையதோ மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு அவரே கொட்டாஞ்சேனைக்குப் போயிருக்கிறார். அந்த அம்மா அப்போதுதான் வீட்டுக்கு வந்து, மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தாராம். இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஆறு மணியாகிவிட்டது. பிள்ளை பிழைத்தாள். குரல் மட்டும் கனநாளாகக் கரகரத்தது.

அடுத்த நாள் மற்றப் பத்திரிகைகளில் என்னுடைய ‘ஊழியர் எவருக்கும் பாதிப்பில்லை’ ஒரு எழுத்தும் பிசகாமல் வந்திருந்தது. அவருடைய பத்திரிகையில் மட்டும் நாலு பேர் ஆஸ்பத்திரியில் என்றும், இதை நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி உறுதிப்படுத்தினார் என்றும் இருந்தது. பணிப்பாளர் அதே மெதுவான குரலில், நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டார். பத்திரிகை வேலையை என்னிடமிருந்து எடுத்து, கலண்டர் அச்சடிப்பிக்கிற வேலையைத் தந்தார்கள். அந்த வருடம் முடிய முன்னர் நானாகவே விலகிவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்கும் போனேன். அந்த அம்மா நான் யாரென்று தெரியாமல், கம்பனி மிஸ் வந்திருக்கிறார் என்று கதிரையை இழுத்துப் போட்டுத் தோடம்பழம் உரித்துத் தந்தார். போனில் அந்தப் பதிலைச் சொன்னவள் நான்தான் என்று சொல்லத்தான் போயிருந்தேன். சொல்லவில்லை. பழத்தைத் தின்றுவிட்டு வந்தேன்.

நிருபரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். ஏசுவார் என்று போனால் தேத்தண்ணி எடுப்பித்துத் தந்தார். நீங்கள் திரும்பிப் போன் எடுத்ததால்தான் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் தாய் நின்றார் என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

பிறகு நான் பேலியகொடையில் வேறொரு கம்பனியில் சேர்ந்தேன். அவரும் செய்தி ஆசிரியரானார். பத்து வருடத்துக்கு மேல் சேர்ந்து வேலை செய்தோம். நான் அனுப்புகிறதில் செய்தி இருந்தால் போடுவார், பிழை இருந்தால் கேட்பார். ஒருநாளாவது என் அழைப்பை எடுக்காமல் விட்டதில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒருமுறை இரத்ததான முகாம் பற்றி ஒரு சின்ன அறிக்கை அனுப்பினேன். எங்கள் ஊழியர்கள் இரத்தம் கொடுத்தார்கள் என்ற நாலே வரி. யாருக்கும் நட்டமில்லாத செய்தி. நாலு மணிக்கு முன்னர் போன் அடித்தது. குரலில் கோபம் ஒன்றும் இல்லை, சுகமெல்லாம் விசாரித்தார்.

“ஊழியர் எண்டு ஆரைச் சொல்றீங்க, மேடம்?”