காதல் படம் பார்த்துவிட்டு வந்த ஞாயிறு

திரையில் கதாநாயகன் ஒரு கதவை உதைத்து உடைத்தபோது, அக்கா நகம் பதியும் அளவுக்கு என் மணிக்கட்டைப் பிடித்தாள். அரங்கம் முழுக்க விசில். அவளுக்கு அந்தப் பக்கத்தில் மாமா, அதாவது அவள் கணவர், பாப்கார்னோடு உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகி ஒரு வருடம்கூட முடியாத நேரம் அது. போளூரில் இருந்த புகுந்த வீட்டிலிருந்து வேங்கிக்காலில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்த அக்கா, திரும்பிப் போக மாட்டேன் என்று இருந்துவிட்டாள். ஏன் என்று கேட்டால், "அவருக்குக் கோவம் ஜாஸ்தி" என்பாள். அதற்குமேல் பேச்சு வராது. சமாதானத்துக்காக மாமாவே எங்களைக் கூட்டிப்போன படம் அது.

பெரிய நடிகரின் சண்டைப் படம். நானும் ஆசையோடுதான் போனேன். ஒரு குத்துக்குப் பத்துப் பேர் பறந்தார்கள். யாருக்காக அடிக்கிறான் என்பது கடைசிவரை விளங்கவில்லை. இடைவேளைக்குப் பிறகு விசில் அடங்கி, ஆளாளுக்கு செல்போனை நோண்டத் தொடங்கினார்கள். படம் ஏமாற்றிய எரிச்சலை மாமா வண்டி நிறுத்துமிடத்தில் காட்டினார். தன் வண்டியை மறித்து நின்ற பைக்கை எட்டி உதைத்தார். அது சரிந்த சத்தத்தில் அக்கா இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். உடனே கையை இறக்கி, ஒன்றும் நடக்காதது போலத் துப்பட்டாவைச் சரிசெய்தாள். "வர்ற ஞாயித்துக்கெழம வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மாமா கிளம்பினார்.

அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டு முடிவுகளையெல்லாம் பெரியப்பாதான் எடுப்பார். இந்தக் கல்யாணத்தையும் அவர்தான் பேசி முடித்தார். பெண்ணை அனுப்பிவைக்கச் சொல்லி அந்த வாரம் தினமும் போன் செய்தார். அம்மா அவர் பேச்சைத் தட்டியதே இல்லை. ஞாயிறு காலையில் என்னைத் தனியே கூப்பிட்டு, "மாப்ள வர்றதுக்குள்ள நல்ல காதல் படமா ஒண்ணு பாத்துட்டு வந்துடலாம். புருஷன் நெனப்பு வரும், மனசு எறங்கும்" என்றாள்.

மூவரும் பகல் காட்சிக்குப் போனோம். படம் நெடுகப் பாட்டு. நடித்தவர்களின் முகம்கூடப் பழக்கமில்லை. தூங்கிவிடுவேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு காட்சி என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. கச்சேரியில் பாடும் ஒருவனுக்கு மனைவியோடு பெரிய சண்டை. அவள் அறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொள்கிறாள். அவன் கதவருகே வந்து கையை ஓங்குகிறான். பிறகு இறக்கிவிட்டுத் தரையில் உட்காருகிறான். இருவரும் சேர்ந்து பாடிப் பழகிய பாட்டை மெதுவாகத் தொடங்குகிறான். இரண்டாம் வரியில் குரல் உடைந்து நின்றுவிடுகிறது. அடுத்த வரி உள்ளேயிருந்து வருகிறது.

எனக்கே கண் கலங்கியது. திரும்பிப் பார்த்தேன். அக்கா தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். தான் நினைத்தது நடந்துவிட்டதென்று அம்மா நிம்மதியாக அவள் முதுகைத் தடவினாள்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அக்கா சொன்னாள்: "கதவத் தட்டக்கூட இல்ல பாரு." பிறகு, "அன்னிக்கு நான் பயந்துபோய் பாத்ரூம்ல பூட்டிகிட்டேன். அவரு கதவ ஒடச்சிட்டு உள்ள வந்தாரும்மா" என்றாள்.

முதுகைத் தடவிய கை நின்றது. படம் முடிந்ததும் ஆட்டோவில் வீடு சேர்ந்தோம்.

வாசலில் மாமா காரோடு நின்றிருந்தார். "எவ்ளோ நேரமா நிக்கிறது? எங்க போனீங்க?" என்றார். அம்மா எங்களை உள்ளே போகச் சொல்லிவிட்டுப் படியில் நின்றுகொண்டாள்.

"அவ வரலங்க மாப்ள."

மாமா ஒரு படி ஏறினார். நான் போனைக் கையில் எடுத்தேன், யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமலே. அம்மா நகரவில்லை.

"இன்னிக்கு அனுப்பலன்னா அப்பறம் நான் வரவே மாட்டேன்."

"சரிங்க."

அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை, நாங்களும்தான். கார் தெருமுனையைத் தாண்டியதும் அம்மா உள்ளே வந்தாள்.

"ஏன்டி மொதல்லயே சொல்லல?" என்று அம்மா கேட்டாள்.

"கோவம் ஜாஸ்தின்னு சொன்னனேம்மா. எல்லா ஆம்பளையும் அப்டித்தான்னு நீதான் சொன்ன."

அம்மா பின்பக்கம் போனாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பெரியப்பாவுக்குப் போன் செய்தாள். எதிர்முனையில் அவர் சத்தம் போட்டது எங்களுக்கே கேட்டது. அவர் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "இல்லீங்க, யாரும் சொல்லிக் குடுக்கல. நான்தான் முடிவு பண்ணேன்" என்றாள்.