ஒன்பதாம் இலக்க மருமகன்

அலுமாரிக்கு மேலே இருக்கும் வெற்றிக் கிண்ணங்களை நான் துடைத்துப் பல மாதமாகிறது. தூசி படிந்தால் படியட்டும். நான் சாய்ந்தமருதில் பிறந்து நிந்தவூரில் கல்யாணம் முடித்தவன். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான். கால்பந்து அடிக்கிறவன் என்றால் அவனுடைய கால்களும் அந்த ஊர்க் கழகத்துக்குச் சொந்தமாகிவிடும். நானும் அப்படி வந்து, வருடக்கணக்கில் ஓடி, மூச்சு வாங்கத் தொடங்கியதும் கழகத்து அணிக்கு மெனேஜரானேன். வெற்றி பெற்ற மெனேஜர் என்று ஊர் சொல்கிறது. எனக்குச் சலித்துவிட்டது.

பக்கத்து ஊர் அணியில் ஒருவன் இருந்தான். இரண்டு வருடம் தொடர்ந்து அவன் அடித்த கோல்களால்தான் நாங்கள் தோற்றோம். அந்தச் சமயம் என் மூத்த மகளுக்கு ஒரு வாத்தியார் மாப்பிள்ளை பேசி வந்தார்கள். நல்ல இடம். ஏதோ சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்துவிட்டு, அந்தப் பந்தடிக்காரனையே மருமகனாகக் கொண்டுவந்தேன். "புள்ளைக்கும் நல்லம், கிளப்புக்கும் நல்லம்" என்று மனைவியிடம் சொன்னேன். எதை முதலில் யோசித்தேன் என்பது அல்லாஹ்வுக்குத் தெரியும்.

அந்த வருடம் ஒன்பதாம் இலக்கச் சட்டை மருமகனுக்கு. அரையிறுதியில் அவருடைய முழங்கால் வீங்கிவிட்டது. இறுதிப்போட்டியன்று காலையில் மகள் என்னிடம் வந்தாள்.

"வாப்பா, உங்கள்ட்டச் சொல்ல அவருக்கு வெக்கம். கால் ஏலாதாம். இண்டைக்கு மட்டும் அவர இறக்காம உடுங்களன்."

வலிக்கு ஊசி போட்டு இறக்கினேன். கோல் அடித்தார். கிண்ணமும் வந்தது. அதன் பிறகு அவர் ஓடவேயில்லை. இப்போது பள்ளிவாசலில் கதிரையில் உட்கார்ந்துதான் தொழுகிறார். என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

போன கிழமை அஸர் தொழுகை முடிந்து கழகத்து ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். விலகிவிடுவது என்று நான் முடிவெடுத்திருந்தேன்.

"எனக்கு ஏலா தம்பிமாரே. களைச்சுப் போனன். வேற ஆளப் பாருங்க" என்றேன்.

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் செயலாளர் கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"காக்கா, அக்கரைப்பற்றுல ஒரு பொடியன் என்ன அடி அடிக்கிறான் தெரியுமா? ஆள் இன்னம் கல்யாணம் முடிக்கல்ல. உங்கட இளையவளுக்கும் வயசு வந்திட்டுத்தானே."

மூத்தவள் தேநீர்த் தட்டோடு அறை வாசலில் நின்றாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. எழும்பிப் போங்கடா என்று அவர்களைத் துரத்தத்தான் வாயைத் திறந்தேன்.

"எந்தக் காலால அடிக்கிறான்?" என்று கேட்டேன்.

மகள் தட்டை என் முன்னால் வைத்தாள். தங்கச்சி இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.