கொட்டை எடுத்த ஆலிவ்

காபெஸ் நகரில் எங்கள் சந்தில் லஸ்ஸாதைத்தான் எல்லோரும் தியாகி என்பார்கள். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். சிறையில் உட்கார்ந்திருந்தவன் அவன். நாடு முழுக்க அலைந்தவள் அவன் மனைவி ஸல்ஹா.

தடை செய்யப்பட்ட கட்சியில் இருந்தான் என்று அவனைப் பிடித்துப்போனபோது கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. எந்தச் சிறைக்கு மாற்றினாலும் ஸல்ஹா வாரம் தவறாமல் சாப்பாட்டுக் கூடையோடு பஸ் ஏறுவாள். கூடையில் எதையும் முழுசாக வைக்க முடியாது. முள் இருந்தால் ஆயுதம் என்பார்கள், கொட்டை இருந்தால் உள்ளே எதையோ ஒளித்திருக்கிறாய் என்பார்கள். அதனால் மீனில் முள் எடுத்து, ஆலிவிலும் பேரீச்சம்பழத்திலும் கொட்டை எடுத்து, ரொட்டியைப் பிய்த்து வைப்பாள். மற்ற வீட்டுக் கூடைகள் திரும்பி வந்ததுண்டு. அவளுடையது வந்ததே இல்லை.

போலீஸ்காரர்கள் அவளையும் விடவில்லை.

"விவாகரத்துல கையெழுத்துப் போடும்மா. நாளைக்கே பள்ளிக்கூடத்துல வேலை வாங்கித் தர்றோம்."

"அவரு வாயால கேக்கட்டும், போடறேன்" என்பாள். வேலையில்லாமல் அடுத்தவர் வீட்டுத் துணி துவைத்தாள்.

புரட்சி வந்தது, சிறை திறந்தது, கட்சி ஜெயித்தது. லஸ்ஸாத் நாடாளுமன்றத்துக்குப் போனான். வெற்றி விருந்துக்குத் தலைநகரிலிருந்து பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். ஸல்ஹா பழக்கதோஷத்தில் மீனை உதிர்த்து, ஆலிவில் கொட்டை எடுத்துப் பரிமாறிவிட்டாள்.

"என்னடி இது, ஜெயில் சாப்பாடு?" என்றான் லஸ்ஸாத். "முள்ளோட முழு மீனை வச்சா கை ஒடிஞ்சிடுமா?"

விருந்தாளிகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அடுத்த வருடம் அவன் வாயாலேயே கேட்டான். தலைநகரில் ஒரு கட்சிக்காரி, படித்தவள், மேடையில் பக்கத்தில் நிறுத்தத் தோதானவள். ஸல்ஹா சொன்ன சொல் மாறாமல் கையெழுத்துப் போட்டாள். போலீஸ் அத்தனை காலம் மிரட்டி வாங்க முடியாததை அவன் ஒரே பிற்பகலில் வாங்கிக்கொண்டு போனான்.

காலம் மறுபடி புரண்டது. நாடாளுமன்றத்தைப் பூட்டினார்கள். எதிர்க்கட்சிக்காரர்களை அள்ளிக்கொண்டு போனார்கள், லஸ்ஸாதையும்தான். புது மனைவி பாரிஸ் போய்ச் சேர்ந்தாள்.

போன மாதம் ஷெத்லி என்ற கட்சிக்காரன் ஸல்ஹா வீட்டு வாசலில் வந்து நின்றான். பக்கத்து வீட்டுக்காரி நானும் அங்கேதான் இருந்தேன்.

"அக்கா, அவரு தங்கச்சி கூடை கொண்டு போறா. ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பிடறாங்க. உங்க கூடைன்னா உள்ளே போகும். சமைச்சு மட்டும் குடுங்க. கட்சி உங்களை மறக்காது."

"இத்தனை நாள் ஞாபகம் வச்சிருந்த லட்சணம் தெரியுதே!" என்றேன் நான்.

ஸல்ஹா கோபப்படவில்லை. "அவருக்கு முள்ளோட முழு மீன்தான் பிடிக்கும், தம்பி. அதை உள்ளே விடமாட்டாங்க. நான் என்ன செய்ய?" என்று கதவைச் சாத்தினாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நல்லா குடுத்தடி!" என்றேன்.

அவள் எனக்குச் சாப்பாடு வைத்தாள். மீன் உதிர்ந்து கிடந்தது. ரொட்டி பிய்த்திருந்தது. ஆலிவ் ஒன்றில்கூடக் கொட்டை இல்லை.

"இப்ப யாருக்குடி கொட்டை எடுக்கறே?"

அவள் தட்டை அப்போதுதான் பார்ப்பவள்போலப் பார்த்தாள்.

"யாருக்கும் இல்ல. வேற மாதிரி சமைக்க எனக்குத் தெரியாது."