மாஸ்டரின் அச்சு

எங்கள் தெருவின் சலூன் மாஸ்டர் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருக்கிறார் என்றொரு பேச்சு கிளம்பியது. ஓர் இடத்திலேயே உருப்படியாக இருக்கத் தெரியாதவர்கள் நிறைந்த தெரு இது. பொறாமையில் எவனோ கிளப்பிவிட்டிருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. பேச்சின் ஊற்றுக்கண் மளிகைக்கடைக்காரர் என்று தெரிந்து அவரிடமே போனேன்.

“என் கண்ணால பாத்தேன் சார். மருந்துக்கடை வாசல்ல நிக்கிறாரு. பக்கத்துல பச்சைக் குடையோட ஒரு அம்மா. ரெண்டு பேரும் சிரிச்சுச் சிரிச்சுப் பேசறாங்க. சரி, நமக்கென்னன்னு வந்து சலூனைத் தாண்டறேன், உள்ள ஒருத்தருக்கு முடி வெட்டிட்டிருக்காரு!”

“இதை யாருகிட்டயாவது சொன்னீங்களா?”

“சேச்சே, நான் எதுக்கு வெளிய சொல்றேன்? அவரு சம்சாரத்துகிட்ட மட்டும்தான் சொன்னேன்.”

மாஸ்டரின் சம்சாரம் சலூனுக்கு மேலே மாடியறையில் துணி தைப்பவர். மளிகைக்காரர் சொன்ன கதையில் பச்சைக் குடைவரைதான் அவர் காதில் ஏறியது. மிச்சப் பாதியைக் கேட்கும் பொறுமை எந்த மனைவிக்கு இருக்கும்? அன்றிலிருந்து மாஸ்டரோடு பேச்சு இல்லை. தையல் மெஷினை மாஸ்டர் படுக்கும் அறையிலிருந்து இழுத்து முன்னறையில் போட்டுக்கொண்டார். “அது நான் இல்லம்மா” என்று மாஸ்டர் சொன்னபோது, “ஆமாமா, உங்க அச்சு” என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினாராம்.

தெரு அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. நம்மிடம் இதற்கு வார்த்தைப் பஞ்சம் இல்லைதான். அச்சு அசல், உரித்து வைத்தாற்போல், அதே மூக்கு, அதே முழி. ஆனால் இவையெல்லாம் தொட்டில் ஓரத்துச் சொற்கள். அப்பனைப் பிள்ளை உரித்து வைத்திருந்தால் இனிக்கிறது. ரத்த சம்பந்தமே இல்லாத ஒருவன் நம் முகத்தை மாட்டிக்கொண்டு மருந்துக்கடை வாசலில் நின்றால் அதற்கு என்ன சொல்வது? உலகத்தில் ஒரே மாதிரி ஏழு பேர் உண்டு என்று கணக்குச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பெயர் வைக்கவில்லை. வைத்தால் திரும்பிப் பார்த்துவிடும் என்ற பயமாக இருக்கலாம்.

எங்கள் தெருவில் பெயர் வைத்தாகிவிட்டது. “அச்சு போகுது பாரு,” “அச்சு பஸ் ஏறிடுச்சு” என்பார்கள். குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். இருட்டில் பாம்பைப் பெயர் சொல்லாதது போல. ஆளுக்குரிய மரியாதையும் அதற்குக் கிடையாது. நாய் போகிறது, பஸ் போகிறது, அச்சு போகிறது.

மாஸ்டரிடமே கேட்டுவிடுவது என்று போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் யாரோடும் நேருக்கு நேர் பேசமாட்டார். கண்ணாடியைப் பார்த்துத்தான் கேட்பார், கண்ணாடியைப் பார்த்துத்தான் சிரிப்பார். ஆயுள் முழுக்க மனித முகங்களை அப்படியே பழகிவிட்டார். தெருவில் எதிரே வந்தால் என்னைத் தெரியாது. வகிடு இடம் மாறிவிடுகிறதாம்.

“அன்னிக்கும் அதான் சார் ஆச்சு,” என்றார் கண்ணாடிக்குள் இருந்து. “ஒருத்தர் வந்தாரு. வாங்கன்னேன், உக்காந்தாரு. சத்தியமா எந்த வித்தியாசமும் தெரியல. என் மூஞ்சிய நான் எங்க சார் நேர்ல பாத்திருக்கேன்? நுரை போட்டேன். குனிஞ்சு ஒரு கன்னத்தை முடிச்சேன். சரியா இருக்கான்னு நிமிந்து கண்ணாடிய பாத்தேன்.”

கத்தி என் தொண்டைக்கு ஒரு விரல் தள்ளி அப்படியே நின்றது.

“ரெண்டு பேரும் நான்.”

“அப்புறம்?”

“கை பழக்கத்துல நிக்கல சார். கண்ணாடியில காதுக்குக் கீழ கொஞ்சம் முடி தங்கியிருந்துச்சு. கத்திய வெச்சு ஒரு இழு இழுத்தேன்.” அவர் மூச்சு விட்டார். “எரிஞ்சது எனக்கு.”

தன் கன்னத்தையே அறுத்துக்கொண்டிருக்கிறார். அந்த ஆளோ அசையவில்லை. கண்ணாடிக்குள் இவரைப் பார்த்துப் புன்னகை செய்தாராம், வழக்கமாக இவர் வாடிக்கைக்காரர்களைப் பார்த்துச் செய்கிற அதே புன்னகை. மாஸ்டருக்கு நடுக்கத்திலும் ஒரு சந்தோஷம். சாட்சி கையில் சிக்கிவிட்டது. பின்பக்கப் படிக்கட்டுக்கு ஓடி, “ஏய், சீக்கிரம் கீழ வா! வந்து உன் கண்ணாலயே பாரு!” என்று கத்தினார். மாடியில் சத்தம் இல்லை. அந்த அம்மா நூல்கண்டு வாங்கக் கடைக்குப் போயிருந்தார்.

திரும்பி வந்தால் நாற்காலி காலி. போர்த்தியிருந்த துணி மடித்துக் கைப்பிடியில் கிடந்தது. மாஸ்டர் மடிக்கிற அதே மடிப்பு.

கொஞ்ச நேரத்தில் மனைவி தெருப்பக்கமாக உள்ளே வந்தார். பல நாள் கழித்து அவரே பேச்சைத் தொடங்கினார்.

“என்ன மனுஷன் நீங்க? பாதி மூஞ்சி நுரையோட தெருவுல எங்க போறீங்கன்னு கேட்டா, ‘இதோ வந்துடறேம்மா’ன்னு சிரிச்சுட்டுப் போறீங்க. பாவமேன்னு காதோரம் தொடச்சு வேற விட்டேன், இந்தா…”

கைக்குட்டையை நீட்டியவர் மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். நுரை இல்லை. ரத்தம் இருந்தது. கைக்குட்டையில் நுரை இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது.

“அது நான் இல்லம்மா,” என்றார் மாஸ்டர்.

இந்த முறை அவர் நம்பினார். கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும். தையல் மெஷினும் பழைய அறைக்கே திரும்பிவிட்டது.

“அப்ப வீட்ல சமாதானம் ஆயிடுச்சுல்ல?” என்று கேட்டேன்.

“முன்னாடி என் பேச்சைத்தான் சார் நம்பல,” என்றார். “இப்ப என்னையே நம்பல.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்படியில் காலடி கேட்டது. அந்த அம்மா வந்து நின்றார். மாஸ்டர் கன்னத்தைத் திருப்பிக் காட்டினார், பஸ்ஸில் பரிசோதகரிடம் டிக்கெட் காட்டுவதுபோல. அவர் விரலால் தழும்பைத் தடவிப் பார்த்தார்.

“சாப்பாடு ஆயிடுச்சு, வாங்க,” என்றவர், போகத் திரும்பி மறுபடி நின்றார். “நேத்து இது இன்னும் கொஞ்சம் கீழ இருந்த மாதிரி இருந்துச்சே?”

“அதே இடம்தாம்மா. ஆறிட்டு வருது, அதான்.”

“அன்னிக்கு அவரும் ‘அம்மா’ன்னுதான் கூப்பிட்டாரு,” என்றார் அவர் என்னிடம். தெருவே ‘அது’ என்கிற ஒன்றை இவர் மட்டும் ‘அவர்’ என்றார். “குரல்ல ஒரு பிசிறு வித்தியாசம் இல்ல. இவருக்குத் தெரிஞ்சதெல்லாம் அவருக்கும் தெரிஞ்சிருந்தா நான் எதைக் கேட்டுக் கண்டுபிடிக்கிறது சொல்லுங்க? இந்தத் தழும்பு ஒண்ணுதான். அதுவும் மங்கிக்கிட்டே வருது.”

“அவரு திரும்ப வந்தா?”

“வரணும். ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வெச்சு ஒரு தடவை பாத்துட்டா போதும்.”

பார்த்துவிட்டு யாரைத் தேர்ந்தெடுப்பார் என்று நான் கேட்கவில்லை. மாஸ்டரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் மேலே போனதும், மாஸ்டர் என் முகத்தில் படிகாரக் கல்லைத் தேய்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார்.

“வருவாரு சார். கன்னம் அரிக்குமில்ல? பாதி முகத்தோட யாரையும் இந்தக் கடையிலேர்ந்து நான் அனுப்புனதில்ல. இன்னொரு பாதி ஷேவிங் அவருக்குப் பாக்கி.”

பக்கத்து நாற்காலியில் மடித்த துணி அப்படியே கிடந்தது. அதில் வேறு யாரையும் அவர் உட்காரவிடுவதில்லை. தினமும் காலையில் கத்திக்குப் புது பிளேடு போட்டு அதன் முன்னால் வைக்கிறார். இதுவரை அந்த ஆள் வரவில்லை.